வாண்டின் உதடு

ஜூன் 3, செவ்வாய்

வலி எங்கே, எப்போது, எவ்வளவு என்று தினமும் எழுதி வரச் சொல்லியிருக்கிறாள் பிசியோதெரபிப் பெண். நூல் மில்லில் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. எழுதிவிட்டேன். வலது தோள். எப்போதும். நிறைய.

தோள்மூட்டு உறைந்துபோய்விட்டதாம். எட்டு வருடமாக வெந்நீரிலும் ஆவியிலும் வேலை பார்த்தவளுக்குத் தோள் உறைந்துவிட்டது என்றால் சிரிப்பதா அழுவதா? மூன்று மாதம் எதையும் இழுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். டாக்டர்கள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். முன்பு வேறொரு டாக்டரம்மாவும் எனக்கு இப்படிப் பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். அது போகட்டும்.

பிசியோ பெண்ணுக்கு எங்கள் தொழில் புரியவில்லை. கோயம்புத்தூரில் ஆபீஸ், ஓட்டல், மண்டபம், பங்களா என்று எங்கே கார்ப்பெட் விரித்திருந்தாலும் போய்க் கழுவிக் கொடுக்கிறோம். மெஷினையும் வேனையும் என் வீட்டுக்காரர் பூபதி பார்த்துக்கொள்வார். கார்ப்பெட்டில் நின்று இழுக்கிறவள் நான். கையில் வளைந்த நீளக் குழாய், அதன் அடியில் அகலமான வாய், பிடியில் ஒரு விசை. விசையை அழுத்தினால் வெந்நீர் பீச்சும். விசையை விட்டு இழுத்தால் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இங்கிலீஷில் அதற்கு வாண்ட் என்று பேர். எங்கள் வாயில் வாண்டு.

ரேஸ்கோர்ஸ் பங்களா ஒன்றுக்கு முதல் தடவை போனபோது, இவர் உள்ளேயிருந்து “கலா, வாண்டத் தூக்கிட்டு வா” என்று சத்தம் போட்டார். அந்த வீட்டம்மா என்னிடம், குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்களா, வெயிலில் வேனில் ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். சிரித்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ வீட்டில் அதே கேள்வி. சிரிக்கப் பழகிவிட்டது.

ஜூன் 5, வியாழன்

வலி: கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. அவரை வாரச் சொன்னேன். வாரினார். வகிடு கோணல்.

எனக்குப் பதில் ஆள் எடுத்தாயிற்று. பேர் ரோஸ்லின். ஊர் வால்பாறைப் பக்கம் எஸ்டேட். இங்கே ஒண்டிப்புதூரில் அக்கா வீட்டில் இருக்கிறாள். ஓட்டலில் ரூம் சுத்தம் செய்தவள், போன வருடக் கடைசியில் நின்றுவிட்டாளாம். இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். நல்ல உயரம். நான் அவள் தோளுக்கு வந்தால் அதிகம். என்னை அக்கா என்றாள். அவரை அண்ணா என்றாள். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். கைக்குழந்தை உண்டா என்று. இல்லை என்றாள்.

கைக்குழந்தைக்காரியை வைத்துக்கொண்டு இந்தத் தொழில் நடத்த முடியாது. ஆபீஸ் மூடிய பிறகு ஆரம்பிக்கிற வேலை, எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. பால் கொடுக்க வேண்டும் என்பார்கள், காய்ச்சல் என்பார்கள், பாதியில் போன் வரும். இது முழுக்க முழுக்கத் தொழில் விஷயம். அவர் ஏன் என்னை அப்படித் திரும்பிப் பார்த்தார் என்று தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

வலி: பரவாயில்லை. மத்தியானத்துக்கு மேல் அதிகம்.

ரோஸ்லினுக்கு முதல் வேலை. அவிநாசி ரோட்டில் ஒரு பைனான்ஸ் ஆபீஸ். நானும் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். சொல்லித் தர ஆள் வேண்டாமா?

சொல்லித் தர ஒன்றும் இருக்கவில்லை. முன்னால் தள்ளி, விசையை அழுத்தி, பின்னால் இழுத்து, அடுத்த இழுப்பு வெறும் இழுப்பு. அரை மணியில் பிடித்துக்கொண்டாள். நான் அதைப் பழக ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. வேனில் திரும்பி வரும்போது இவர் சொல்கிறார், “அவ இழுத்தா ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் கோடே தெரியல, கலா.” என் கோடு தெரிந்தது என்று எட்டு வருடமாக இவர் சொல்லவே இல்லையே. தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஒரே ஒரு குறை. வாண்டு அவளுக்குக் குட்டை. அந்த அலுமினிய வாண்டின் கழுத்தை முதல் வருடமே வெல்டிங் பட்டறையில் வெட்டி என் உயரத்துக்கு ஒட்டித் தந்தவர் இவர். பட்டறையில் என்னைச் சுவரோடு நிற்க வைத்து அளவெடுத்தார். ரவிக்கைக்கு அளவெடுக்கிற டெய்லர்கூட அவ்வளவு அக்கறையாக எடுத்ததில்லை. அதைப் பிடித்துக்கொண்டு அவள் கூனிக் கூனி இழுத்ததைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

புது வாண்டு வாங்க வேண்டும் என்கிறார். நீயே பார்த்து எடு, உனக்குத்தான் அதில் தெரியும் என்றார். அரை நாள் சந்தோஷமாக இருந்தேன். சாயங்காலம், ரோஸ்லினையும் கூட்டிக்கொண்டு போ, அவள் கைக்குத் தோதாக இருக்க வேண்டும் அல்லவா என்றார்.

ஜூன் 12, வியாழன்

வலி: எழுத மறந்துவிட்டேன். இருந்திருக்கும்.

நூறடி ரோட்டில் ஞானசேகர் கடை. எங்களுக்கு மெஷின் விற்றவர். மூன்று வாண்டு எடுத்து வைத்தார்.

ஒன்று முழு ஸ்டீல். பெரிய வாய். தண்ணீர் நாலு ஓட்டையில் பீச்சும். ஒரு இழுப்பில் அகலமாக வரும், ஆனால் தனியாகத் தூக்கவே ஒரு ஆள் வேண்டும். இரண்டாவது அலுமினியம், என்னுடையது மாதிரி, சின்ன வாய். மூன்றாவதைத் தூக்கிப் பார்த்தபோது கையில் ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. என்னவோ உலோகம் சொன்னார். அதன் உதட்டில் வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை போட்டிருந்தது. கார்ப்பெட் மேல் வழுக்கிக்கொண்டு போகும், தோளுக்கு வேலையே இல்லை என்றார்.

“வாண்டுல முக்கியமே உதடுதாங்க. உதடு சரியாச் சேந்து உக்காந்தாத்தான் இழுக்கும். காத்து போச்சுன்னா ஒண்ணும் ஏறாது.”

ரோஸ்லின் குனிந்து அந்த வெள்ளை உதட்டை ஒரு விரலால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவினாள். ஏதோ பூனைக்குட்டியின் வாயைத் தடவுகிற மாதிரி. உதடு விட்டுப்போனால் ஒட்டிவிட முடியுமா என்று வேறு அவரிடம் கேட்டாள். வாங்குவதற்கு முன்னாலேயே விட்டுப்போவதைப் பற்றிக் கேட்கிறவளை இன்றுதான் பார்க்கிறேன்.

நான் ஸ்டீலை எடுத்தேன்.

நன்றாக யோசித்துத்தான் எடுத்தேன். மண்டபம் மாதிரிப் பெரிய இடத்துக்கு அகலம் வேண்டும். ஸ்டீல் என்றால் ஆயுசுக்கும் உழைக்கும். வழவழப்பான உதடெல்லாம் ஒரு வருடத்தில் தேய்ந்துவிடும். ஞானசேகர் தயங்கினார். லேடீஸ் இழுக்கிற வெயிட் இல்லைங்க அது என்றார். நான் லேடீஸ் இல்லையா என்று கேட்டேன். பில் புத்தகத்தை எடுத்துவிட்டார். அவளிடம், உனக்குச் சரிதானே என்றேன். “அக்கா சொன்னா சரிக்கா” என்றாள். இளம் உடம்புதானே, இழுக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் இவர் அதைத் தூக்கிப் பார்த்து, லேசாக வேறு இல்லையா என்றார். இல்லை என்றேன்.

ஜூன் 18, புதன்

வலி: குறைவு. நன்றாகத் தூங்கினேன்.

சாரலும் காற்றும். கழுவிய கார்ப்பெட் காயவே மாட்டேன் என்கிறது. ஓட்டல் மாடியில் பாட்டுக்கச்சேரி ஹால். ரோஸ்லின் இரண்டு வரிசை இழுத்ததும் நிற்கிறாள், இன்னும் இரண்டு, மறுபடி நிற்கிறாள். ஒரு கையை அடிவயிற்றில் வைத்துக்கொள்கிறாள். கோடு இப்போது நன்றாகவே தெரிகிறது. இவரிடம் காட்டினேன்.

காட்டியிருக்க வேண்டாம். இவர் மெஷினை விட்டுவிட்டுப் போய் அவள் கையிலிருந்து வாண்டை வாங்கிக்கொண்டார். அவளை உட்காரச் சொல்லிவிட்டு மிச்ச ஹாலை இவரே இழுத்தார். அவள் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

வயிறு எரிகிறது என்று எழுதினால் பிசியோ பெண் அதற்கும் மாத்திரை கொடுப்பாளோ என்னவோ. எட்டு வருடத்தில் என் கையிலிருந்து ஒரு நாள் வாண்டை வாங்கியிருப்பாரா? ஒரு தடவை வாங்கினார். ஒரு மாதம் முழுக்க நான் அதைத் தொடக்கூட விடவில்லை. அது வேறு. அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் அந்த மாதத்தோடு போய்விட்டது.

ஜூன் 20, வெள்ளி

இன்று மழை. வேலை முடிந்து இவர் அவளை ஒண்டிப்புதூரில் இறக்கிவிட்டு வந்தார். இறக்கிவிட்டு வர இத்தனை நேரமா? டீ குடித்தேன் என்றார். யார் வீட்டில் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும். நான் சந்தேகப்படுகிறவள் இல்லை.

ஜூன் 23, திங்கள்

வலி: தோளா? தோளை யார் நினைத்தார்கள்.

துணி காயப்போட மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று இவர் போன் பேசிக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரியாது. என் காதால் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

“வாண்டு இப்ப எத்தன கிலோ இருக்குது, ரோஸ்லின்?… அஞ்சு வந்தாத்தான் எடுத்துக்குவாங்களாமா?… உதடு ஒட்டிட்டாங்கன்னா அப்பறம் நல்லா உறிஞ்சும், நீ பயப்படாத… கலாகிட்ட நீ ஒண்ணும் சொல்லிப்போடாத. நேரம் பாத்து நானே சொல்றேன்.”

ஈரத் துணியோடு கீழே இறங்கிவிட்டேன்.

ஆக விஷயம் இதுதான். நான் தேர்ந்தெடுத்த வாண்டு அம்மணிக்குக் கனமாம். ஐந்து கிலோவில் வேறு பார்க்கிறார்கள். என் வாண்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள், கடைக்காரர் எடுத்துக்கொள்வாரா என்று யோசனை. அதற்குக் காரணம் சொல்ல உதடு விட்டுப்போய்விட்டது, உறிஞ்சவில்லை என்று கதை. வாங்கி முழுசாக இரண்டு வாரம் ஆகவில்லை.

வேனைத் திறந்து வாண்டை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உதட்டில் ஒரு கீறல்கூட இல்லை. விரலை வைத்துத் தடவியும் பார்த்தேன். நேர்க்கோடு மாதிரி இருக்கிறது.

அப்படியானால் அவள் பொய் சொல்கிறாள். அதை நம்பிக்கொண்டு இவர் என்னிடம் மறைக்கிறார். வேறு பெண் பின்னால் போகிற புருஷனைப் பற்றிக் கதையில் படித்திருக்கிறேன். வேறு வாண்டு பின்னால் போகிறவரை எந்தக் கதையிலும் படித்ததில்லை. வாண்டு என்பது எங்கள் இரண்டு பேருக்குள் இருந்த விஷயம். அதைத் தூக்கி அவளிடம் கொடுத்துவிட்டார்.

ஜூன் 27, வெள்ளி

யாரோடும் பேசவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

வலி: இடது தோளிலும் வருகிற மாதிரி இருக்கிறது.

இன்று இவராக ஆரம்பித்தார். கலா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். எனக்கு எல்லாம் தெரியும் என்றேன். தெரியுமா என்று அப்படியே நின்றுவிட்டார். தெரியும், அதைப் பற்றி இந்த வீட்டில் பேச்சே வேண்டாம் என்றேன். கோபமா என்று கேட்டார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். “நீ இப்படித்தான் சொல்லுவேன்னு பயந்துதான் மறைச்சேன்” என்று சொல்லிவிட்டு வேனைத் துடைக்கப் போய்விட்டார். முகம் செத்துப்போயிருந்தது. ஒரு குழாய்க்கு இவ்வளவு வருத்தமா?

ஜூலை 6, ஞாயிறு, காலை

காபி போட்டுக்கொண்டு நின்றபோது சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பரணில் கிடந்த பழைய பெட்ஷீட்டில் எதையோ சுற்றி வேனில் ஏற்றினார். ஒரு முனையில் துணி விலகியிருந்தது. ஸ்டீல் குழாய். வளைந்த குழாய். மேலே ஒரு பிடி மாதிரி.

மண்டபம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போயிருக்கிறார். ஆனி முடியப் போகிறது, கடைசி முகூர்த்தத்துக்குள் அந்த மண்டபத்தைக் கழுவிக் கொடுக்க வேண்டும், அது உண்மைதான். ஆனால் மண்டபத்துக்கு ஸ்டீல் வாண்டு அல்லவா போக வேண்டும்? அது இங்கே திண்டுக்கல் பூட்டு போட்ட ரூமில் பத்திரமாக இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டேன்.

புது வாண்டு வாங்கிப் பரணில் ஒளித்து வைத்திருக்கிறார். இப்போது அவள் வீட்டுக்கே கொண்டுபோகிறார்.

நான் பஸ் ஏறப் போகிறேன்.

அதே நாள், சாயங்காலம்

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஒண்டிப்புதூரில் அவள் அக்கா வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். இவர் வந்துவிட்டுப் போய்விட்டார் போலிருந்தது, வேனைக் காணோம். அவள் அக்கா குடும்பம் சர்ச்சுக்குப் போயிருந்தது. கதவைத் திறந்த ரோஸ்லின் என்னைப் பார்த்ததும் வெளுத்துவிட்டாள். உள்ளே வாங்க என்றுகூட வாய் வரவில்லை. குற்றம் செய்தவள் முகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“வாண்டு இங்கதான் இருக்குதுன்னு எனக்குத் தெரியும். எடுத்துட்டு வா” என்றேன்.

“அக்கா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன்…”

“உதடு சரியில்லைன்னு என்ற வீட்டுக்காரர்கிட்டச் சொல்லத் தெரியுது, என்கிட்டச் சொல்ல வாய் வரலையா? எடுத்துட்டு வா. நான் கண்ணுல பாக்கோணும்.”

அவள் கண் நிறைந்துவிட்டது. பிறகு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு குழந்தை இருந்தது.

“இதாங்கக்கா” என்றாள்.

மேலுதடு நடுவில் பிளந்து மூக்கு வரைக்கும் போயிருந்தது. ஈறு தெரிந்தது. என்னை உற்றுப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது. அது சிரிக்கிறது என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. பிளந்த உதடு சிரித்தால் எப்படி இருக்கும் என்று நான் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சிரித்தது.

“பேர் இன்னும் வெக்கலக்கா. உதடு சரியானப்புறம்தான் சர்ச்சுல ஞானஸ்நானம் குடுக்கணும்னு இருக்கேன். அதுவரைக்கும் எல்லாரும் வாண்டுன்னுதான் கூப்பிடுறோம். அண்ணாவும் அப்படித்தான்.”

நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். குழந்தையை வாண்டு என்று சொல்லும் ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்த வார்த்தையைக் கேட்டால் உலகத்தில் யாருக்கும் குழந்தைதான் ஞாபகம் வரும். எனக்கு மட்டும் குழாய் ஞாபகம் வந்திருக்கிறது.

அவள் சொன்னாள். பெண் குழந்தை. பிப்ரவரியில் பிறந்தது. கிரகணத்தன்று வெளியே போயிருப்பாய், அதனால்தான் இப்படி என்று மாமியார் வீட்டில் சொல்லிவிட்டார்கள். குழந்தை முகத்தைப் பார்த்துவிட்டுப் போன புருஷன் திரும்பி வரவில்லை. உறிஞ்சிக் குடிக்க முடியாத குழந்தைக்கு அக்கா சின்னச் சங்கு மாதிரி இருக்கும் பாலாடையில் புகட்டுகிறாள். ஐந்து கிலோ வந்தால்தான் ஆபரேஷனுக்கு எடுப்பார்கள். இப்போது வந்துவிட்டது, அடுத்த திங்கட்கிழமை ஆபரேஷன். மழை நாளில் வீட்டில் இறக்கிவிட்டபோது அழுகுரல் கேட்டு இவர் உள்ளே வந்து பார்த்துவிட்டாராம். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அண்ணாவைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டது நான்தான், அவர் மேல் கோபப்படாதீர்கள் என்றாள். “கைக்குழந்தை இருந்தா வேண்டாம்னு சொன்னீங்க. வேலை போயிடுமோன்னு பயந்துட்டேன்க்கா.”

வாயில் வந்த வேறு எந்தக் கேள்வியும் கேட்காமல், சுகப்பிரசவமா என்று மட்டும் கேட்டேன். ஏன் கேட்டேன் என்றால், ஓட்டல் ஹாலில் அவள் அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது.

“இல்லக்கா. வயித்தக் கிழிச்சுத்தான் எடுத்தாங்க.”

அந்த வயிற்றை வைத்துக்கொண்டுதான் என் ஸ்டீல் வாண்டை இழுத்திருக்கிறாள். அக்கா சொன்னா சரிக்கா என்று சொல்லிவிட்டு இழுத்திருக்கிறாள். கடையில் லேசான வாண்டு கையெட்டும் தூரத்தில் இருந்தது. அதை நான்தான் தள்ளி வைத்தேன். அகலம், ஆயுசு, உழைப்பு என்று நான் முன்னால் எழுதியதெல்லாம் பொய். அவள் தோற்றுப்போக வேண்டும் என்று எடுத்தேன்.

எழுந்திருக்கும்போதுதான் அறைக்குள் பார்த்தேன். மூலையில் ஸ்டீல் தொட்டில் ஸ்டாண்டு நின்றது. வளைந்த கால். மேலே கொக்கி. பெட்ஷீட் மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தது. நாங்கள் ஆசைப்பட்டு வாங்கி, ஒரு நாள்கூட விரித்து வைக்காமல், பரணில் ஏற்றிய தொட்டில்.

வீட்டுக்கு வந்து இவரிடம் என்ன சொன்னேன் என்று எழுதத்தான் வேண்டும். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் தொட்டிலை எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“நீதான் எல்லாந் தெரியும், பேசவே வேண்டாம்னு சொல்லிட்டியே. பரண்ல சும்மாதான கெடக்குதுன்னு…”

“சும்மாவா கெடந்துச்சு?”

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் அழுதேன். இத்தனை வருடத்தில் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து அதற்காக அழுதது இன்றுதான்.

ஜூலை 7, திங்கள்

வலி: இருக்கிறது.

காலையில் இவரிடம் சொல்லிவிட்டேன். லேசான வாண்டு அன்றைக்கே கடையில் இருந்தது, நான்தான் இல்லை என்று சொன்னேன் என்று. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

“தெரியும். ஞானசேகர் அப்பவே சொன்னாரு” என்றார்.

“தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?”

“கேட்டாச் சண்ட வருமுன்னு உட்டுட்டேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் செய்தது தப்பு, சரி. சண்டைக்குப் பயந்து அவளை அந்த இரும்பை இழுக்க விட்டாரே, அது என்ன? ஒரு நாள் கையிலிருந்து வாங்கிக்கொண்டால் ஆயிற்றா? அன்றைக்கே என்னோடு சண்டை போட்டிருந்தால் நான் இவ்வளவு தூரம் கெட்டிருக்க மாட்டேனே. நன்றாகத் திட்டினேன். இவரும் பதிலுக்குத் திட்டினார். மனசு கொஞ்சம் லேசானது.

ஸ்டீல் வாண்டை எடுத்துக்கொண்டு நூறடி ரோட்டுக்குப் போனோம். ஞானசேகர், நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஆரம்பித்தார். நானே ஒத்துக்கொண்டுவிட்டேன், மேற்கொண்டு நீங்கள் சொல்ல வேண்டாம் என்றேன். வெள்ளை உதடு போட்டதை எடுத்தோம். யார் உயரத்துக்குக் கழுத்தை வைக்கட்டும் என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார்.

ரோஸ்லின் உயரத்துக்கு என்றேன். மனசாரச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 9, புதன்

மண்டபம். பாதியை இவர் இழுத்தார், பாதியைக் கூலிக்கு வந்த ஆள் இழுத்தான். ரோஸ்லினுக்கு லீவு. கோடு கோடாகத் தெரிந்தது. யாரும் கவனிக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகும் முன் ரோஸ்லின் கையெழுத்துப் போடப் போனாள். அதுவரை குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இடது கையில் வாங்கிக்கொண்டேன். அது என் முகத்தைப் பார்த்து அந்த இரட்டைச் சிரிப்பைச் சிரித்தது. நான்தான் அதைக் கடைசியாகப் பார்த்தவள். இனி அந்தச் சிரிப்பு யாருக்கும் கிடையாது. பெற்றவளுக்குக்கூட.

நல்லபடியாக முடிந்தது. மெல்லிய கறுப்புத் தையல். உதடு சேர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வலி: கை காது வரைக்கும் போகிறது. நானே வாரிக்கொள்கிறேன். வகிடு நேர்.

பேர் வைத்தாயிற்று, ஏஞ்சலின். யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அக்காவுக்குக் கம்பெனியில் ஷிப்ட் என்றால் ரோஸ்லின் குழந்தையை வேலைக்கே தூக்கி வருகிறாள். கைக்குழந்தைக்காரி வேண்டாம் என்று சொன்ன அதே நான், வேனில் உட்கார்ந்து பாலாடையைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். இப்போது பாட்டிலிலேயே உறிஞ்சுகிறது. இருந்தாலும் கழுவுகிறேன்.

குழந்தை என்னிடம் நன்றாக ஒட்டிக்கொண்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பொய். ரோஸ்லின் குரல் எங்கே கேட்டாலும் என் கையில் இருந்தபடியே அந்தப் பக்கம் திரும்புகிறது. எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. முன்பு அவள் மேல் இருந்ததெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது. அது புருஷன், வேலை, குழாய் என்று வேறு பேர் வைத்துக்கொண்டு வந்தது. இது நேராகவே வருகிறது.

இன்று ரேஸ்கோர்ஸ் பங்களா. ரோஸ்லின் உள்ளே சோபாக்களை நகர்த்திக்கொண்டிருந்தாள். அந்த வீட்டம்மா வாசலில் நின்று செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து இவர் எப்போதும் போலச் சத்தம் போட்டார்.

“கலா, வாண்டத் தூக்கிட்டு வா.”

தூக்கிக்கொண்டு போனேன். வீட்டம்மா திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஹாலில் ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற இவர் என்னைப் பார்த்தார். என் தோளில் சாய்ந்திருந்ததைப் பார்த்தார்.

“இந்த வாண்டு இல்ல, கலா.”

“தெரியும்” என்றேன்.

ரோஸ்லின் சோபாவை விட்டுவிட்டு வந்து இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. ஒரே சிரிப்பு, ஒரே உதடு.

கொடுத்தேன். உடனே கொடுக்கவில்லை.